579 குழந்தைகளும் நான்காவது குழுவும்: கவனக்குறைவுச் சிகிச்சை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மருந்து தருவதா, நடத்தைப் பயிற்சி தருவதா, இரண்டையும் சேர்த்துத் தருவதா என்ற கேள்வியைத் தீர்த்துவைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட ஆய்வொன்றின் முதல் முடிவுகள் 1999 டிசம்பரில் வெளியாயின. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் அந்நாட்டுக் கல்வித் துறையின் துணையோடு நடத்திய அந்த ஆய்வு, எம்.டி.ஏ. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது. குழந்தைகளின் மனநலச் சிகிச்சைக்காக அந்த நிறுவனம் பல மையங்களில் ஒரே நேரத்தில் நடத்திய முதல் பெரும் ஒப்பீட்டு ஆய்வும் இதுவே. மருந்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இன்றுவரை மேற்கோள் காட்டுவது இந்த ஒரே ஆய்வைத்தான். ஒரு சாரார் அதன் பதினான்காம் மாத முடிவைக் காட்டுகிறார்கள். மறு சாரார் அதன் மூன்றாம் ஆண்டு முடிவைக் காட்டுகிறார்கள். இரண்டுமே உண்மையான முடிவுகள். ஆனால் ஒரு குழந்தையின் சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டிய பெற்றோருக்கும் மருத்துவருக்கும் மிகவும் பயன்படக்கூடிய செய்தி இவ்விரண்டுக்கும் வெளியே, ஒப்பீட்டுக்காக மட்டுமே சேர்க்கப்பட்ட நான்காவது குழுவில் கிடக்கிறது என்பதே இந்த ஆய்வை முழுமையாகப் படித்த பிறகு எனக்கு உறுதிப்பட்டது.

பின்னணி

படபடக்கும் குழந்தையை ஊக்கி மருந்து அமைதிப்படுத்தும் என்ற முரணான செய்தி முதலில் பதிவானது 1937இல். அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் குழந்தைகளுக்கான மனநல இல்லமொன்றில் பணியாற்றிய சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், நடத்தைச் சிக்கல்களோடு அங்கே தங்கியிருந்த 30 குழந்தைகளுக்கு பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அவர்களில் 14 பேரின் பள்ளிப் பாடங்களில் வியக்கத்தக்க முன்னேற்றம் தெரிந்ததாக அவர் எழுதினார். 1944இல் இன்னொரு ஊக்கி மருந்தான மெத்தில்ஃபெனிடேட் முதன்முறையாகத் தயாரிக்கப்பட்டது. 1950களின் நடுப்பகுதியில் ரிட்டாலின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நோயின் பெயரும் வரையறையும் மாறிக்கொண்டே இருந்தன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1968இல் மிகையியக்கத்தை முதன்மைப்படுத்தியது. 1980இல் கவனக்குறைவை முன்னுக்குக் கொண்டுவந்தது. 1987இல் இரண்டையும் இணைத்தது. 1994இல் கவனக்குறைவு மேலோங்கிய வகை, மிகையியக்கமும் அவசரச் செயலும் மேலோங்கிய வகை, இரண்டும் கலந்த வகை என மூன்றாகப் பிரித்தது.

1990களில் அமெரிக்காவில் மெத்தில்ஃபெனிடேட்டின் பயன்பாடு பல மடங்கு பெருகியது. குழந்தைகளை அடக்கிவைப்பதற்கு மருந்து பயன்படுகிறது என்று ஒரு தரப்பினர் கவலைப்பட்டனர். பல ஆண்டுகளாகச் சோம்பேறி என்றும் அடங்காப்பிடாரி என்றும் ஏச்சு வாங்கிய குழந்தைகளுக்கு இப்போதுதான் உதவி கிடைக்கிறது என்று மறு தரப்பினர் வாதிட்டனர். 1998 நவம்பரில் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய ஒருமித்த கருத்து மாநாடு இருதரப்பையும் கேட்டபின் இரண்டு குறைகளைப் பதிவுசெய்தது. இந்தக் குறைபாட்டை உறுதிசெய்யத் தனித்த பரிசோதனை எதுவும் இல்லை. மருந்தின் நீண்டகால விளைவுகள் பற்றிப் போதிய தரவு இல்லை. முதல் குறை இன்றும் தீரவில்லை. இரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ இந்தக் குறைபாட்டைத் தனியொரு குழந்தையில் உறுதிசெய்வதில்லை. பெற்றோரும் ஆசிரியரும் சொல்வதையும், மருத்துவர் நேரில் பார்ப்பதையும், அறிகுறிகள் குழந்தையின் அன்றாட வாழ்வை எவ்வளவு குலைக்கின்றன என்பதையும் எடைபோட்டே முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. இரண்டாவது குறையைப் போக்கும் என்ற நம்பிக்கையோடுதான் எம்.டி.ஏ. முடிவுகளுக்காகப் பலரும் காத்திருந்தார்கள்.

ஆய்வின் அமைப்பு

ஆய்வில் சேர்ந்தவர்கள் 7 வயது நிரம்பி 10 வயதை எட்டாத 579 குழந்தைகள். கலந்த வகைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டுமே சேர்க்கப்பட்டார்கள். ஐந்தில் நான்கு பேர் சிறுவர்கள். எதிர்த்து நிற்கும் நடத்தைக் கோளாறு ஏறத்தாழ 40 சதவீதத்தினருக்கும், பதற்றக் கோளாறு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கும் கூடவே இருந்தது. இவர்களைத் தேர்ந்தெடுத்த விதம் கவனிக்கத்தக்கது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முதற்கட்டமாகச் சலித்து, பெற்றோரிடம் கட்டமைக்கப்பட்ட நேர்காணல் நடத்தி, ஆசிரியரின் மதிப்பீட்டையும் வாங்கி, அதன் பிறகே ஒரு குழந்தைக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது என்று ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். இந்த அளவு பொறுமை ஒரு சாதாரண மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் கிடைப்பது அரிது.

குழந்தைகள் சமவாய்ப்பு முறையில் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டு 14 மாதங்கள் சிகிச்சை பெற்றார்கள். முதல் குழுவுக்கு மருந்து. இரண்டாவது குழுவுக்குத் தீவிர நடத்தைச் சிகிச்சை. மூன்றாவது குழுவுக்கு இரண்டும் சேர்ந்து. நான்காவது குழுவுக்கு ஆய்வாளர்கள் எந்தச் சிகிச்சையும் தரவில்லை. அந்தக் குடும்பங்கள் தங்கள் ஊரில் தாங்கள் விரும்பிய மருத்துவரிடம் வழக்கமான சிகிச்சையைப் பெற்றுக்கொண்டார்கள், ஆய்வாளர்கள் அளந்து மட்டும் பார்த்தார்கள்.

மருந்துக் குழுவில் நடந்ததை வெறும் மாத்திரை என்று சுருக்கிச் சொல்வது தவறு. முதல் 28 நாள்கள், குழந்தைக்கு ஒவ்வொரு நாளும் எந்த அளவு மருந்து போகிறது, அல்லது வெற்று மாத்திரைதான் போகிறதா என்பது பெற்றோருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. அந்த நாள்களுக்கு அவர்கள் இட்ட மதிப்பெண்களை, மருந்தின் அளவை மறைத்த நிலையிலேயே, மருத்துவர்கள் வரைபடமாகப் பார்த்து, அந்தக் குழந்தைக்கு எந்த அளவு ஏற்றது என்று தீர்மானித்தார்கள். இந்தக் கட்டத்தை முடித்தவர்களில் 77 சதவீதத்தினருக்கு மெத்தில்ஃபெனிடேட்டே பொருந்தியது. சிலருக்கு வேறு மருந்து தேவைப்பட்டது. வேறு சிலர் வெற்று மாத்திரைக்கே நன்றாக முன்னேறியதால் மருந்தில்லாமல் தொடங்கப்பட்டார்கள். அதன் பிறகும் மாதம் ஒருமுறை அரை மணி நேரச் சந்திப்பு நடந்தது. சந்திப்புக்கு முன் மருத்துவர் ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்து வகுப்பில் என்ன நடக்கிறது என்று கேட்டறிந்தார். மருந்து நாளொன்றுக்கு மூன்று வேளை தரப்பட்டதால் பள்ளி நேரம் மட்டுமல்லாமல் வீட்டுப்பாட நேரமும் அதன் பாதுகாப்பில் அடங்கியது.

நடத்தைச் சிகிச்சையும் இதே அளவு கனமானது. பெற்றோருக்கு 27 குழு வகுப்புகளும் 8 தனி அமர்வுகளும் நடந்தன. குழந்தைகளுக்கு 8 வாரக் கோடைக்காலப் பயிற்சி முகாம் இருந்தது. வகுப்பறையில் 12 வாரங்கள் ஓர் உதவியாளர் உடனிருந்தார். ஆசிரியர் அன்றாடம் எழுதிய குறிப்பு அட்டையைப் பார்த்துப் பெற்றோர் வீட்டில் பாராட்டும் பரிசும் தந்தார்கள். ஆனால் பதினான்காம் மாதத்தை நெருங்கும்போது இந்தச் சிகிச்சை படிப்படியாகக் குறைக்கப்பட்டிருந்தது, மருந்தோ முழு அளவில் தொடர்ந்துகொண்டிருந்தது. இறுதி அளவீடு எடுக்கப்பட்டது அந்த நேரத்தில்தான். பெற்றோருக்குக் கற்றுத்தந்தது தங்கிவிடும் என்ற எதிர்பார்ப்பில் செய்த ஏற்பாடு அது என்றாலும், நடந்துகொண்டிருக்கும் ஒரு சிகிச்சையையும் ஓய்ந்துகொண்டிருக்கும் இன்னொன்றையும் ஒரே நாளில் நிறுத்துப் பார்த்தது சமமான போட்டியாக இருக்கவில்லை என்று எதிர்த்தரப்பு சொல்வதை என்னால் மறுக்க இயலவில்லை. இன்னொரு குறையும் உண்டு. முதல் 28 நாள்களைத் தவிர மற்றக் காலம் முழுவதும், எந்தக் குழந்தைக்கு என்ன சிகிச்சை என்பது மதிப்பெண் இட்ட பெற்றோருக்குத் தெரிந்தே இருந்தது.

பதினான்காம் மாதம்

கவனக்குறைவு, மிகையியக்கம், அவசரச் செயல் ஆகிய முதன்மை அறிகுறிகளைக் குறைப்பதில், மருந்துக் குழுவும் கூட்டுச் சிகிச்சைக் குழுவும் மற்ற இரண்டையும் தெளிவாக விஞ்சின. அந்த அறிகுறிகளைப் பொறுத்தவரை கூட்டுச் சிகிச்சைக்கும் தனி மருந்துக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. தலைப்புச் செய்தியாகப் பரவியது இதுதான். மருந்தே போதும், பயிற்சி கூடுதல் செலவு என்று பலர் இதை வாசித்தார்கள்.

அதே தரவுகளை ஆய்வாளர்கள் வேறு கோணங்களில் அலசியபோது படம் மாறியது. அறிகுறிகள் இயல்பு நிலையை ஒட்டி வந்தவர்களை வெற்றி என்று கணக்கிட்டால், கூட்டுச் சிகிச்சையில் 68 சதவீதம், மருந்தில் 56, நடத்தைச் சிகிச்சையில் 34, வழக்கமான சிகிச்சையில் 25 என்று 2001இல் வெளியான கட்டுரை காட்டியது. பெற்றோர் குழந்தை உறவு, ஆசிரியர் கண்ட சமூகத் திறன், வாசிப்பு, எதிர்ப்பு நடத்தை போன்றவற்றில் வழக்கமான சிகிச்சையைவிட மேலானது என்று காட்ட முடிந்தது கூட்டுச் சிகிச்சைக்குத்தான். கூட்டுச் சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்கு முடிவில் நாளொன்றுக்குச் சராசரியாக 31.2 மில்லிகிராம் மருந்து போதுமானதாக இருந்தது. மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு அது 37.7 மில்லிகிராம். பதற்றக் கோளாறு சேர்ந்திருந்த குழந்தைகள் நடத்தைச் சிகிச்சையிலும் நல்ல முன்னேற்றம் கண்டார்கள். நடத்தைச் சிகிச்சைக் குழுவில் பெரும்பாலானவர்கள் 14 மாதங்களையும் மருந்தில்லாமலேயே கடந்தார்கள் என்பதும் பேசப்படாமல் போன செய்திதான். மருந்தை நாடாத குடும்பத்துக்கு இது சின்னச் செய்தியா?

நான்காவது குழு

வழக்கமான சிகிச்சைக்கு விடப்பட்ட 146 குழந்தைகளில் 97 பேர், அதாவது மூன்றில் இரண்டு பங்கினர், அந்த 14 மாதங்களில் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் அதே மெத்தில்ஃபெனிடேட்தான். இருந்தும் அந்தக் குழுவின் முன்னேற்றம் மருந்துக் குழுவைவிட மிகவும் பின்தங்கியிருந்தது. மருந்தைப் பெரும்பாலும் தொடாத நடத்தைச் சிகிச்சைக் குழுவை அது தாண்டவில்லை. மருந்து எதிர் நடத்தைப் பயிற்சி என்று மட்டும் பார்ப்பவருக்கு இந்த முடிவு விளங்காது. ஒரே மருந்து ஒரு குழுவில் பலன் தந்து இன்னொரு குழுவில் ஏன் தரவில்லை?

விடை, மருந்து தரப்பட்ட விதத்தில் இருக்கிறது. ஊர் மருத்துவர்கள் தந்த அளவு சராசரியாக நாளொன்றுக்கு 22.6 மில்லிகிராம், இரண்டு வேளைக்குச் சற்றுக் கூடுதலாக. ஆய்வின் மருந்துக் குழுவில் குழந்தையை மருத்துவர் மாதந்தோறும் அரை மணி நேரம் பார்த்தார். ஊரில் ஆண்டுக்கு ஓரிரு முறை, அதுவும் குறுகிய நேரம். ஆய்வுக் குழுவில் ஆசிரியரின் குரல் மாதந்தோறும் மருத்துவரின் காதுக்குப் போனது. ஊரில் அந்த ஏற்பாடே இல்லை. குழந்தையின் பசி குறைந்ததா, தூக்கம் கெட்டதா, மாலையில் அழுதுகொண்டே இருக்கிறதா, மதியத்துக்குப் பிறகு மருந்தின் பலன் தேய்ந்துவிடுகிறதா என்று கேட்டு, அதற்கேற்ப அளவைத் திருத்துவதற்கு ஆய்வுக் குழுவில் ஒருவர் எப்போதும் இருந்தார். ஊர்க் குழந்தைக்கோ மருந்துச் சீட்டு மட்டும் புதுப்பிக்கப்பட்டது.

அளவுதான் எல்லாம் என்று இதை வாசிப்பவர்கள் உண்டு. கூடுதல் மருந்து தந்திருந்தால் அந்தக் குழந்தைகளும் தேறியிருப்பார்கள் என்பது அவர்கள் வாதம். அளவின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் பொருத்தமான அளவு எது என்பதை ஆய்வுக் குழு கண்டுபிடித்தது விடாமல் பார்த்ததாலும் கேட்டதாலும்தான்; அந்தப் பார்வையைப் பின்பற்றாமல் எண்ணை மட்டும் பின்பற்றுவது, மெலிந்த குழந்தையையும் தூங்காத குழந்தையையும் கவனிக்க ஆளில்லாமல் மருந்தை மட்டும் ஏற்றுவதாக முடியும். மருந்து எதிர்ப்பாளர்களும் இந்த நான்காவது குழுவுக்கு விடை சொல்லியாக வேண்டும். அங்கே தோற்றுப்போனது மருந்து என்றால் முதல் குழுவில் ஏன் வென்றது? பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்றும் கிடைப்பது முதல் குழுவின் சிகிச்சை அன்று. நான்காவது குழுவின் சிகிச்சை. பொதுவிவாதம் இவ்வளவு சூடாக நடந்தும் இந்த ஒரு செய்தி அதில் இடம்பெறாமல் போனது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது.

ஆண்டுகள் கழிந்தபின்

பதினான்கு மாதங்கள் முடிந்ததும் ஆய்வுச் சிகிச்சை நின்றது. எல்லாக் குடும்பங்களும் ஊர் மருத்துவர்களிடம் திரும்பின. ஆய்வாளர்கள் தொடர்ந்து அளந்துகொண்டு மட்டும் இருந்தார்கள். 24ஆம் மாதத்தில் மருந்துக் குழுக்களின் முன்னிலை ஏறத்தாழப் பாதியாகத் தேய்ந்திருந்தது. 36ஆம் மாத முடிவுகள் 2007இல் வெளியானபோது நான்கு குழுக்களுக்கும் இடையே வேறுபாடே இல்லை. எட்டாம் ஆண்டு முடிவுகள் 2009இல் வந்தன, அப்போதும் இல்லை. நான்கு குழுக்களும் தொடக்கத்தில் இருந்ததைவிட நல்ல நிலையில் இருந்தன. ஆனால் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட வகுப்புத் தோழர்களைவிடப் பெரும்பாலான அளவைகளில் பின்தங்கியே இருந்தன.

மருந்து நீண்ட காலத்தில் பயனற்றது என்பதற்கு இதுவே சான்று என்று எதிர்த்தரப்பு அறிவித்தது. அவசரப்பட்ட அறிவிப்பு அது. 36ஆம் மாதத்துக்குள் குழுக்கள் கலந்துவிட்டன. நடத்தைச் சிகிச்சைக் குழுவில் பெரும்பாலான நாள்கள் மருந்து எடுத்தவர்கள் 14 சதவீதத்திலிருந்து 45 சதவீதமாக உயர்ந்தார்கள்; மருந்து தரப்பட்ட இரு குழுக்களில் அது 91 சதவீதத்திலிருந்து 71 சதவீதமாகக் குறைந்தது. மருந்தில் தொடர்ந்தவர்களுக்கும் மாதாந்திரச் சந்திப்பும் ஆசிரியர் தொலைபேசியும் இல்லாமல் போயின. மூன்றாம் ஆண்டில் ஒப்பிடப்பட்டவை நான்கு சிகிச்சைகள் அல்ல. ஒருகாலத்தில் நான்கு சிகிச்சைகளைப் பெற்று இப்போது ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்துவிட்ட நான்கு கூட்டங்கள்.

ஆனால் மருந்தின் ஆதரவாளர்கள் இந்த விளக்கத்தோடு நின்றுவிடுவதும் நேர்மையாகாது. மருந்தைத் தொடர்ந்தவர்கள் நிறுத்தியவர்களைவிட நன்றாக இருந்தார்களா என்று ஆய்வாளர்களே தேடிப் பார்த்தார்கள். தெளிவான ஆதாயம் தெரியவில்லை. கடுமையான நிலையில் இருந்தவர்களே மருந்தைத் தொடர்ந்திருப்பார்கள், அதனால்தான் வேறுபாடு மறைந்தது என்ற சமாதானத்தையும் புள்ளியியல் முறையில் சோதித்தார்கள். அதுவும் எதிர்பார்த்தபடி நிறுவப்படவில்லை. இந்த முடிவை எப்படிச் சொல்வது என்பதில் ஆய்வுக் குழுவுக்குள்ளேயே பிளவு ஏற்பட்டது. நீண்டகாலப் பலன் இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லச் சக ஆய்வாளர்கள் தயங்கினார்கள் என்று வில்லியம் பெல்ஹாம் 2009இல் பத்திரிகையில் குறை கூறினார். பீட்டர் ஜென்சன் அதை மறுத்தார். இருவருமே 1999 கட்டுரையின் ஆசிரியர்கள். ஒரே எண்களின் முன் நின்ற இரு நேர்மையான அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை என்றால், ஊர்ப் பெற்றோர் குழம்புவதில் வியப்பில்லை.

உயரம் பற்றிய கண்டுபிடிப்பு மட்டும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தெளிவானது. ஆய்வில் சேர்ந்தபின் மருந்தைத் தொடங்கித் தொடர்ந்து எடுத்த குழந்தைகள், மூன்று ஆண்டுகளில், மருந்தே எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 2 சென்டிமீட்டர் குட்டையாகவும் 2.7 கிலோ எடை குறைவாகவும் இருந்தார்கள். பின்னர் ஈடாகிவிடும் என்று அதுவரை பரவலாக நம்பப்பட்டது. பங்கேற்றவர்கள் சராசரியாக 25 வயதை ஒட்டியிருந்தபோது எடுத்த அளவீடுகள் 2017இல் வெளியாயின. இடைவிடாமல் மருந்து எடுத்து வளர்ந்தவர்கள், விட்டுவிட்டு எடுத்தவர்களைவிட 2.36 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தார்கள். அறிகுறிகளின் கடுமையிலோ அவர்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டு சென்டிமீட்டர் பேரிழப்பு அன்று. பள்ளியை விட்டு வெளியேற்றப்படவிருந்த ஒரு குழந்தை அந்த விலைக்கு மீண்டிருந்தால் நான் அதை ஏற்பேன். ஆனால் அது விலை என்று பெற்றோரிடம் தொடக்கத்திலேயே சொல்லியாக வேண்டும்.

2022இல் வெளியான இன்னொரு பகுப்பாய்வு, அதே குழந்தைகளைப் பதினாறு ஆண்டு அளவீடுகளின் வழியே தனித்தனியாகப் பின்தொடர்ந்தது. முழுமையாகக் குணமாகி அப்படியே நிலைத்தவர்கள் 9.1 சதவீதம். குறைபாடு மாறாமல் நீடித்தவர்கள் 10.8 சதவீதம். ஏறத்தாழ 64 சதவீதத்தினருக்கு அறிகுறிகள் அடங்குவதும் மீண்டும் தலைதூக்குவதுமாக இருந்தன. வளர்ந்தால் சரியாகிவிடும் என்பாரின் வாக்கும், ஆயுள் முழுவதும் தொடரும் என்பாரின் வாக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பொருந்தவில்லை. அறிகுறி ஏறி இறங்கும் ஒன்றுக்கு, ஒருமுறை எழுதி ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படும் சீட்டு எப்படிப் பொருந்தும்?

எவரைக் குறைபாடு உள்ளவர் என்பது

மருந்து பற்றிய வாதத்துக்கு முன்னால் நிற்கும் வாதம் இது. எம்.டி.ஏ. குழந்தைகள் கடுமையாகச் சலிக்கப்பட்டவர்கள். அந்த முடிவுகளைக் காட்டி மருந்து எழுதப்படும் குழந்தைகள் அப்படிச் சலிக்கப்பட்டவர்களா என்ற ஐயத்துக்கு வலுவான ஆதாரம் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் டிசம்பர் 31 பள்ளிச் சேர்க்கைக்கான வயது வரம்பு நாள். ஆகவே டிசம்பரில் பிறந்த குழந்தை வகுப்பிலேயே இளையது, சனவரியில் பிறந்தது மூத்தது. ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வில், டிசம்பர்ச் சிறுவர்களுக்கு இந்தக் குறைபாடு இருப்பதாக முடிவுசெய்யப்படும் வாய்ப்பு சனவரிச் சிறுவர்களைவிட 30 சதவீதம் கூடுதலாக இருந்தது. மருந்து எழுதப்படும் வாய்ப்பு 41 சதவீதம் கூடுதல். சிறுமிகளிடம் அது முறையே 70, 77 சதவீதம். அமெரிக்காவில் செப்டம்பர் 1ஐ வரம்பு நாளாகக் கொண்ட மாநிலங்களை ஆராய்ந்த 2018ஆம் ஆண்டுக் கட்டுரையும், ஆகஸ்டில் பிறந்தவர்களிடம் செப்டம்பரில் பிறந்தவர்களைவிட இந்தக் குறைபாடு கண்டறியப்படுவது 34 சதவீதம் கூடுதல் என்று காட்டியது.

பிறந்த மாதம் எந்தக் குழந்தையின் நரம்பு வளர்ச்சியையும் இப்படி மாற்றாது. வகுப்பில் தன்னைவிட ஏறத்தாழ ஒரு வயது மூத்தவர்களோடு ஒப்பிடப்பட்ட ஒரு சின்னக் குழந்தையின் இயல்பான சிறுபிள்ளைத்தனமே நோயாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. இதைக் கொண்டு இந்தக் குறைபாடே இல்லை என்று வாதிடுவது பிழை. இரட்டையர் ஆய்வுகள் இதில் மரபுவழிப் பங்கு மிகுதி என்று தொடர்ந்து காட்டுகின்றன, கவனிக்கப்படாமல் விடப்பட்டவர்களின் விபத்துகளும் படிப்பு முறிவுகளும் உண்மையானவை. மிகையாகக் கண்டறிவதும் கண்டறியாமல் விடுவதும் ஒரே ஊரில், ஒரே பள்ளியில், அருகருகே நடக்கக்கூடும். வகுப்பைக் கலைக்கும் சிறுவன் உடனே கண்ணில் படுகிறான். சன்னல் ஓரத்தில் சத்தமில்லாமல் பாடத்தைத் தவறவிடும் சிறுமி படுவதில்லை. அமெரிக்காவில் 2022இல் 3 முதல் 17 வயதுவரையிலானவர்களில் 11.4 சதவீதத்தினருக்கு எப்போதேனும் இந்தக் குறைபாடு கண்டறியப்பட்டதாகப் பெற்றோர் தெரிவித்தார்கள். அந்த எண் மிகையா, குறைவா என்று சண்டையிடுவதைவிட, அந்தக் குழந்தைகளில் எத்தனை பேருக்கு ஆசிரியரின் கருத்து கேட்கப்பட்டது, வயது கணக்கில் கொள்ளப்பட்டது, தூக்கக் குறைவும் கேட்புக் குறைவும் பதற்றமும் முதலில் விலக்கப்பட்டன என்று கேட்பது பயன் தரும்.

எதை முதலில், எப்போது நிறுத்துவது

எம்.டி.ஏ. கேட்காமல் விட்ட கேள்வி, சிகிச்சைகளின் வரிசை. பெல்ஹாமும் அவருடைய சக ஆய்வாளர்களும் 5 முதல் 12 வயதுவரை உள்ள 146 குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குக் குறைந்த அளவு நடத்தைச் சிகிச்சை முதலில் தரப்பட்டது, மறுபாதிக்குக் குறைந்த அளவு மருந்து. போதிய முன்னேற்றம் இல்லாதவர்களுக்கு இரண்டாம் கட்டமாக அதே சிகிச்சை கூட்டப்பட்டது அல்லது மற்றது சேர்க்கப்பட்டது. நடத்தைச் சிகிச்சையில் தொடங்கியவர்கள் வகுப்பில் விதிகளை மீறியது குறைவாக இருந்தது. மருந்தில் தொடங்கிய குழந்தைகளின் பெற்றோர், பின்னர்ப் பயிற்சி வகுப்புக்கு அழைக்கப்பட்டபோது மிகக் குறைவாகவே வந்தார்கள். குழந்தை ஓரளவு அமைதியானதைக் கண்டபின் வாரந்தோறும் வகுப்புக்குப் போகத் தோன்றாதது மனித இயல்பு. அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனால்தான் வரிசை முக்கியமாகிறது. இதற்கு விதிவிலக்கும் உண்டு. தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் அளவுக்கு அவசரச் செயல் மிகுந்த பள்ளி வயதுக் குழந்தையை, பயிற்சி முடியும்வரை மருந்தில்லாமல் காக்கவைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

வழிகாட்டு நெறிகள் இந்த இடத்துக்கு ஏறத்தாழ வந்து சேர்ந்திருக்கின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் ஆறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் பயிற்சியையே முதலில் வைக்கிறது. ஆறு வயதுக்கு மேல் மருந்தையும் நடத்தைச் சிகிச்சையையும் சேர்த்துப் பரிந்துரைக்கிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட நெறி, வீட்டிலும் பள்ளியிலும் சூழலை மாற்றிப் பார்த்தபின்னும் குறைபாட்டின் பாதிப்பு நீடித்தால் மருந்தைக் கருதச் சொல்கிறது. மருந்து இன்னும் தேவையா என்று ஆண்டுதோறும் மறு ஆய்வு செய்யவும் சொல்கிறது.

அந்த மறு ஆய்வுதான் நடைமுறையில் அதிகம் கைவிடப்படுவது. மருந்தைத் தொடங்குவதற்கு ஒரு நாள் குறிக்கப்படுகிறது. நிறுத்திப் பார்ப்பதற்கு நாள் குறிக்கப்படுவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மெத்தில்ஃபெனிடேட் எடுத்துக்கொண்டிருந்த 94 குழந்தைகளையும் பதின்வயதினரையும் வைத்து நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. ஒரு பாதி மருந்தைத் தொடர்ந்தது. மறுபாதிக்கு மருந்து படிப்படியாக விலக்கப்பட்டு வெற்று மாத்திரை தரப்பட்டது. யாருக்கு எது என்பது மறைக்கப்பட்டிருந்தது. ஏழு வாரங்களுக்குப் பிறகு, மருந்து விலக்கப்பட்டவர்களில் 40.4 சதவீதத்தினரின் நிலை மோசமானது, தொடர்ந்தவர்களில் 15.9 சதவீதத்தினருக்கு மட்டுமே அப்படி ஆனது. மருந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் வேலை செய்கிறது என்பதற்கு இது சான்று. மருந்தை விலக்கியும் ஏறத்தாழ அறுபது சதவீதத்தினரின் நிலை அந்த ஏழு வாரங்களில் மோசமாகவில்லை என்பதற்கும் இதுவே சான்று. இவர்களில் தன் குழந்தை எந்தப் பக்கம் என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்ளும் வழி ஒன்றுதான்: தேர்வோ பள்ளி மாற்றமோ இல்லாத ஒரு பருவத்தை மருத்துவரோடு கலந்து தேர்ந்தெடுத்து, ஆசிரியரிடம் மதிப்பீட்டுத் தாளை முன்கூட்டியே கொடுத்து, மருத்துவர் சொன்னபடி நிறுத்தி, சில வாரங்கள் எழுதிவைத்துப் பார்ப்பது. அப்படிப் பார்த்து மீண்டும் மருந்துக்குத் திரும்பும் குழந்தைக்கு எதற்காக அதை எடுக்கிறோம் என்பது தெரிந்திருக்கும். திரும்பாத குழந்தைக்கு அடுத்த ஆண்டு பள்ளி தொடங்கும்போது அதே தாளை மறுபடி நிரப்பிப் பார்க்க வேண்டியிருக்கும்.